அழுத்து, பிடி, விடு

கிளட்ச் ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு என் பட்டறைக்கு இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை. "ரிவர்ஸ் விழ மாட்டேங்குதுண்ணே" என்று வருவார்கள். "பெடலு தரையோட ஒட்டிக்கிருது" என்று வருவார்கள். "கியர் போட்டா கரகரங்குது, பாக்ஸ் போயிருச்சா?" என்று பாதி அழுகிற குரலில் வருவார்கள். பானெட்டைத் தூக்கி, அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவின் மூடியைத் திருகிக் காட்டுவேன். உள்ளே வரக்காப்பி நிற்கும். "இது என்னண்ணே?" என்பார்கள். ஐந்து வருடமாக அதே வண்டியை ஓட்டுகிறவர்கள்தான் கேட்பார்கள்.

பட்டறை இருப்பது மதுரையிலிருந்து அழகர்கோவில் போகிற ரோட்டில், அப்பன்திருப்பதி தாண்டி, பொய்கைக்கரைப்பட்டிப் பக்கம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு குழி, ஒரு வேப்பமரம். மதுரையிலிருந்து கோவிலுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். இந்த ரோட்டில் வருகிற வண்டிகளில் பாதி சாமி கும்பிடப் போகிற வண்டிகள். முடியெடுக்க, காது குத்த, கருப்பனுக்குப் பொங்கல் வைக்க, ஏழு பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினோரு பேர் ஏறி வருவார்கள். அடிவாரத்தில் அழகரைக் கும்பிட்டுவிட்டு, பழமுதிர்சோலை முருகனையும் அதற்கு மேலே ராக்காயி அம்மன் தீர்த்தத்தையும் பார்க்க மலைப்பாதையில் ஏறுவார்கள். தூரம் கொஞ்சம்தான். ஆனால் ஏற்றம், வளைவு, எதிரே பஸ், குறுக்கே குரங்கு. ஓட்டுகிறவர் இடது கால் பெடலை முழுசாக விடவே விடாது. வீட்டிலிருந்து அடிவாரம் வரை ஒழுங்காக வந்த கிளட்ச் இரண்டாவது வளைவில் தன் வயசைச் சொல்லிவிடும். மலை இறங்கி வருகிற வண்டிகள்தான் என் பட்டறைக்குச் சோறு போடுகின்றன.

நான் தொழில் பழகியது கேபிள் காலத்தில். 1983-இல் வந்த மாருதி 800-இன் கிளட்ச் ஒரு இரும்புக் கயிறுதான். பெடலை மிதித்தால் கயிறு இழுக்கும். இறுகினால் எண்ணெய் விடு, அறுந்தால் மாற்று, கை கழுவு. மதுரையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் அரைமணி நேரத்தில் கேபிள் மாற்றிவிட்டு டீக்குப் போய்விடுவார். ஜீப்பிலும் வேனிலும் ஆயில் கிளட்ச் வந்தபோது முதலில் அவரே முகம் சுளித்தார். "கயிறு அறுந்தா கண்ணுக்குத் தெரியும்டா. இது உள்ளுக்குள்ளயே நோகும்" என்றார். இந்தத் தொழிலில் நான் கேட்டதிலேயே சரியான வாக்கியம் அதுதான்.

ஆயில் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்வது சுலபம். சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு, பையை ஒரு அமுக்கு அமுக்கினால் சின்ன வாய் வழியே நீர் எட்டிப் பாயும். அதேதான் இங்கேயும். காலுக்குப் பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டர், அதுதான் பை. கியர் பாக்ஸ் ஓரத்தில் இன்னொரு குட்டிச் சிலிண்டர், அதை ஸ்லேவ் என்போம். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய். மேலே மிதித்தால் கீழே தண்டு நகரும், அது கிளட்ச் பிளேட்டை விடுவிக்கும். ஒரே வித்தியாசம், தோல் பைத் தண்ணீர் வெளியே போய்விடுகிறது. கிளட்ச் ஆயில் எங்கேயும் போவதில்லை. முன்னே அரை விரற்கடை, பின்னே அரை விரற்கடை. முட்டுச்சந்தில் மாட்டிய மாட்டு வண்டி மாதிரி, வருடக்கணக்கில் அதே இடத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

எஞ்சின் ஆயில் சுற்றி வரும், பில்டரில் வடியும். கிளட்ச் ஆயிலுக்குச் சுற்றும் இல்லை, பில்டரும் இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் ரப்பர் வாஷர் சிலிண்டர் சுவரில் உரசும், துகள் உதிரும். சிலிண்டர் அலுமினியம் என்றால் அதுவும் மெல்லிசாகத் தேயும். கியர் பாக்ஸின் சூடு கீழ்முனையை வேக வைக்கும். எல்லாக் கறுப்பும் அந்த அடிமுனையில்தான் போய் உட்காரும். மேலே டப்பாவில் தெரிகிற நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்த மிச்சம்தான்.

அப்புறம் தண்ணீர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "இந்த வெயிலூர்ல ஏதுண்ணே ஈரம்?" என்பார்கள். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஊற்றுவது ஒரே ஆயில், பெயர்தான் ஆயில். உண்மையில் அது கிளைக்கால் வகை ரசாயனம், காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் சாதி. ரப்பர் குழாய் வழியாகவும் குடிக்கும், மூடி ஓட்டை வழியாகவும் குடிக்கும். பாட்டிலில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருக்கும். டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கெழுத்து. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் 140 தாங்கினால் போதும் என்று அந்த அளவுகோலே இறங்கி வந்துவிடுகிறது. டாட் 4-க்கு 230, ஈரமானபின் 155. அந்த ஈரம்தான் உள்ளே துருவையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிப் பல வண்டிகளின் கையேட்டில் எழுதியிருக்கிறது. கையேடு டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கும்.

இந்த ஆயிலின் பூர்வீகமும் வேடிக்கையானது. கார்களில் ஹைட்ராலிக் பிரேக் வந்த ஆரம்ப காலத்தில் விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து ஊற்றியதுண்டு. நம் ஊரில் குழந்தை வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த அதே எண்ணெய். இன்றைக்குப் பிரேக், கிளட்ச் சிலிண்டரும் ஆயிலும் தமிழ்நாட்டிலேயே தயாராகின்றன. அவற்றைச் செய்கிற பிரேக்ஸ் இந்தியா கம்பெனி சென்னை பாடியில் 1962-இல் தொடங்கியது.

இனி என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு நாலு நாள் முன்பு, பட்டறையில் வண்டி நிற்க இடமில்லை. மேலூர்ப் பக்கத்து ஐயா ஒருவர் ஏழு பேர் அமரும் டீசல் வண்டியைக் கொண்டுவந்தார். கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, குடும்பத்தோடு மலைக்குப் போக வேண்டும், பார்த்துக் கொடு என்றார். டப்பாவைத் திறந்தேன். கறுப்பு. அப்போது எங்களுக்குள் ஒரு குறுக்குவழி உண்டு. பெரிய ஊசி சிரிஞ்சை வைத்து டப்பாவில் உள்ளதை உறிஞ்சு, புது ஆயில் ஊற்று, பெடலை இருபது முப்பது தடவை மிதி, கலங்கி வந்ததை மறுபடி உறிஞ்சு. நாலு தரம் செய்தால் டப்பா பளிச்சென்று ஆகிவிடும். வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம், நட்டில் கை வைக்க வேண்டாம், பத்து நிமிஷம்.

இது நாங்கள் மட்டும் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் கார்வெட் கார் வைத்திருக்கிறவர்கள் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தக் காரில் ஏர் எடுக்கிற நிப்பிள், அதாவது உள்ளே சிக்கிய காற்றையும் பழைய ஆயிலையும் வெளியே விடுகிற திருகு, கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதாம். ஒரு விதத்தில் நல்ல பழக்கம்தான். அழுக்கு ஏறுவதற்கு முன்பே, மாதத்துக்கு ஒரு தரம் செய்துகொண்டே இருந்தால் பலன் உண்டு. ஏழு வருடக் கறுப்பை ஒரே நாளில் சிரிஞ்சால் எடுக்க நினைப்பது, கிணற்றுச் சேற்றை மேலே நின்று குடத்தால் மொள்வது மாதிரி.

டப்பாவைக் காட்டினேன். ஐயா திருப்தியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் அவர் வண்டியைக் கயிறு கட்டி டிராக்டர் இழுத்து வந்தது. மலையில் முருகன் கோவிலுக்குக் கீழே, வளைவில், பெடல் தரைக்குப் போனது திரும்பவே இல்லை. பின்னால் பஸ், உள்ளே கைக்குழந்தை, எல்லோரும் இறங்கிக் கல் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். அவர் கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, ஆயில மாத்துனீங்களா?"

"மாத்துனேன்யா. நீங்களே பாத்தீங்களே."

"டப்பாவப் பாத்தேன். ஆயில மாத்துனேன்னு பதினெட்டாம்படியில வந்து நின்டு சொல்லுவீங்களா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. அழகர்கோவிலின் காவல்காரர் பதினெட்டாம்படிக் கருப்பசாமி. அங்கே சிலை கிடையாது. மூடிய பெரிய கதவும் படிகளும்தான் சாமி, கதவுக்குத்தான் சந்தனம், கதவுக்குத்தான் மாலை. கொடுக்கல் வாங்கல் தகராறோ பங்காளிச் சண்டையோ, போலீசில் தீராதது அந்தப் படியில் தீரும். பொய் சொல்லிக்கொண்டு அங்கே யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. டப்பாவில் மாற்றியது நிஜம். குழாயிலும் ஸ்லேவிலும் இருந்தது பழசு என்பதும் நிஜம். தெரிந்தேதான் செய்தேன்.

"உள்ள உக்காருங்கய்யா, நான் சொல்றப்ப மிதிங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன்.

அன்றைக்குக் கீழே பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விரலால் விலக்கினால் உள்ளே சொதசொதவென்று ஈரம். வாஷர் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டினேன். மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற குழாய்தான், பத்து ரூபாய் சமாச்சாரம், ஆனால் உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியும். மறுமுனை ஒரு பழைய குளிர்பான பாட்டிலில், கொஞ்சம் புது ஆயிலுக்குள் முங்கியபடி. முனை முங்காவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே காற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

"அழுத்துங்க."

நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன். ஆயில் என்று சொல்லக்கூடாது. தார் மாதிரி ஒன்று குழாயில் நெளிந்து வந்தது. நடுநடுவே மிளகுத்தூள் போல ரப்பர் துகள்.

"பிடிங்க, விட்றாதீங்க." நிப்பிளை மூடினேன். "இப்ப விடுங்க."

"பெடலு மேல வரல தம்பி."

"கையால இழுத்து விடுங்கய்யா. அப்பிடித்தான் இருக்கும்."

ஆறேழு அழுத்துக்கு ஒரு தரம் பையன் டப்பாவில் புது ஆயில் ஊற்றினான். டப்பா வற்றிவிட்டால் மேலிருந்து காற்று ஏறி, செய்த வேலையெல்லாம் வீண். பத்தாவது அழுத்துக்குத் தார் வரக்காப்பி ஆனது. பதினைந்துக்கு டீ. குழாயில் காற்றுக்குமிழிகள் வரிசையாக ஓடின, எறும்பு ஊர்வதுபோல. இருபத்தைந்தை நெருங்கியபோது குழாய்க்குள் ஆயில் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. கால் லிட்டருக்கு மேல் செலவாகியிருந்தது. ஆனால் பெடல் இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. பழைய அழுக்கைக் கழுவலாம், தேய்ந்துபோன வாஷரைக் கழுவ முடியாது. மதுரைக்கு ஆளனுப்பி ஸ்லேவ் சிலிண்டர் புதிதாகவே வாங்கி வரச் சொல்லிப் போட்டு, மறுபடி ஏர் எடுத்து அனுப்பும்போது இருட்டிவிட்டது. சிலிண்டருக்கு மட்டும் காசு வாங்கினேன்.

இதில் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். முதல் நாளே ஒழுங்காக மாற்றியிருந்தால் அந்த ஸ்லேவ் பிழைத்திருக்குமா? பிழைத்திருக்காது. தொப்பிக்குள் ஈரம் ஒரு நாளில் வந்ததில்லை. ஆனால் ஒழுங்காக மாற்ற அடியில் படுத்திருந்தால் அந்த ஈரத்தை நாலு நாள் முன்பே பார்த்திருப்பேன். கைக்குழந்தையோடு மலையில் நின்றிருக்க மாட்டார்கள். அதனால்தான் இன்றும் அடியில் படுக்காமல் கிளட்ச் வேலை எதையும் முடித்துக் கொடுப்பதில்லை. ஆயிலைவிட அதற்குப் போகிற வழியில் கண்ணில் படுவதுதான் முக்கியம்.

அந்த வழியிலேயே பல வில்லங்கம் உண்டு. முதல் வில்லங்கம் நிப்பிள். பத்து வருடம் யாரும் தொடாத நிப்பிள் சிலிண்டரோடு துருவேறி ஒன்றாகிவிடும். வாய் திறந்த ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கும், பலமாகத் திருகினால் முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். வளைய ஸ்பேனர்தான் போட வேண்டும், துரு இளக்கி அடித்துக் காத்திருக்க வேண்டும், முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் திருகிவிட்டுப் பிறகு தளர்த்த வேண்டும். இதற்குள் வண்டிக்காரர் மூன்று தரம் மணி பார்த்திருப்பார்.

இன்னொன்று, புது வண்டிகள் பலவற்றில் ஸ்லேவ் வெளியே இல்லை. கியர் பாக்ஸ் வயிற்றுக்குள், ரிலீஸ் பேரிங்கோடு ஒட்டி, வளையம்போல உட்கார்ந்திருக்கிறது. அது கசிந்தால் பாக்ஸை இறக்காமல் வேறு வழியே இல்லை. இருநூறு ரூபாய் ஆயிலை மாற்றாமல் விட்டதற்குக் கிளட்ச் செட் விலையும் இரண்டு நாள் கூலியும் சேரும். அந்த மாதிரி வண்டிக்காரர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் அதட்டியே பேசுவேன். பிளேட் மாற்றப் பாக்ஸை இறக்குகிற நாளில் அந்த வளையத்தையும் மாற்றிவிடச் சொல்வேன். "நல்லாத்தானேண்ணே இருக்கு" என்பார்கள். இப்போது நல்லாத்தான் இருக்கும்.

பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா உள்ள வண்டிகளில் ஒரு சூட்சுமம் பாருங்கள். கிளட்சுக்குப் போகிற குழாய் டப்பாவின் உயரமான இடத்திலிருந்து கிளம்பும். கிளட்ச் பக்கம் கசிந்து ஆயில் வற்றினாலும் பிரேக்கின் பங்கு அடியில் மிஞ்சும். வடிவமைத்தவனைக் கும்பிட வேண்டும். ஆனால் அழுக்குக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. கிளட்ச் கறுப்பு டப்பாவுக்கு ஏறிவிட்டால் பிரேக்கையும் கழுவாமல் விடக் கூடாது.

எல்லாவற்றையும்விட மோசம் தப்பான ஆயில். நத்தம் பக்கத்து டிரைவர் தம்பி ஒருவன், டப்பா குறைந்திருக்கிறதே என்று கையில் இருந்த பவர் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றிவிட்டான். "சிவப்பா நல்லாத்தாண்ணே இருந்துச்சு" என்றான். அது பெட்ரோலிய வகை. பிரேக் வாஷர் ரப்பருக்கு அது விஷம். மூன்றே நாளில் வாஷர்கள் ஊறவைத்த அப்பளமாக உப்பி, கிளட்ச் பெடல் போனது, அப்புறம் நாலு சக்கரத்திலும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டது. மாஸ்டர், ஸ்லேவ், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், அத்தனையும் மாற்றினோம். பெட்ரோலைத் தொட்டு வாஷரைத் துடைக்கிற பழக்கத்துக்கும் இதே கதிதான்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பேச்சு உண்டு. அழகர் உற்சவர் அபரஞ்சித் தங்கம். மலை மேல் நூபுர கங்கைத் தீர்த்தம் தவிர வேறு தண்ணீரில் அபிஷேகம் செய்தால் மேனி கறுத்துவிடும் என்பார்கள். மதுரைக்குப் புறப்பட்டுப் போகும்போதும் அந்தத் தீர்த்தம் மலையிலிருந்து கூடவே போகும். அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "சாமிக்கே இந்தத் தண்ணிதான்னு ஒரு கணக்கு இருக்கு. மூடியில என்ன எழுதியிருக்கோ அதத்தான்டா ஊத்தணும்." மூடியில் எழுதியிருப்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பாதி தீர்ந்த பாட்டிலை நான் இப்போது அலமாரியில் வைப்பதில்லை. முன்பெல்லாம் வைப்பேன். பக்கத்தில் வாட்டர் சர்வீஸ், நாள் முழுக்கத் தண்ணீர்ச் சாரல், மூடி சரியாக மூடாத பாட்டில். அது ஆறு மாதம் கழித்து அடுத்தவர் வண்டிக்குப் போகும். அதில் புதிதென்று சொல்ல லேபிள் மட்டும்தான் இருந்திருக்கும். பழைய ஆயிலை வேப்பமரத்தடியில் ஊற்றிக்கொண்டும் இருந்தேன். மரத்தின் ஒரு பக்கம் இலை கொட்டியபிறகு நிறுத்தினேன். இப்போது அது தனி கேனில் சேர்கிறது. வெள்ளைக் கார் ஒன்றின் மட்கார்டில் நாலு சொட்டு விழுந்ததைக் கவனிக்காமல் சாப்பிடப் போய், திரும்பி வருவதற்குள் பெயின்ட் கொப்பளித்து, பெயின்டருக்குக் கைக்காசு கொடுத்த கதையும் உண்டு. சொட்டு விழுந்தால் துடைக்கக்கூட நிற்காமல் முதலில் தண்ணீரை ஊற்ற வேண்டும். தண்ணீரில் கரைகிற சரக்கு அது.

மேலூர் ஐயா அதன்பிறகு வேறு பட்டறைக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு பங்குனி, சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்பே வந்துவிடுவார். பெடலில் பையனை உட்கார விடமாட்டார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஏறி உட்காருவார். அன்று குழியிலிருந்து நான் நிறத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது அவருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. போன தடவையும் நான் நிப்பிளைத் திறந்ததும் மேலேயிருந்து குரல் வந்தது.

"என்ன தம்பி, டீயா காப்பியா?"

"இன்னும் காப்பிதான்யா. அழுத்துங்க."